அமாவாசை பஸ்ஸில் ஒரு கேள்வி

அமாவாசையன்று திண்டிவனத்திலிருந்து மேல்மலையனூர் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது பூர்வ ஜன்ம புண்ணியத்தைப் பொறுத்த விஷயம். என் சகதர்மிணிக்கு அந்தப் புண்ணியம் இருந்தது. எனக்கு இல்லை. அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். நான் எலுமிச்சம்பழப் பையும் கையுமாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். பிரார்த்தனை செய்துகொண்டவள் அவள். தவம் செய்தவன் நான்!

அவள் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பது இருக்கலாம். வெளிர் நீலப் புடவை, மடியில் பரீட்சைத் தாள்களின் கட்டு.

"நீங்களும் அம்மனுக்குத்தானே?" என்று என் மனைவி ஆரம்பித்தாள். பிறகுதான் அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவையைக் கவனித்துச் சற்றுத் தடுமாறினாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "இல்லைம்மா, எனக்கு ஊரே அதுதான். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். அமாவாசை வந்தால் என் வீட்டுக்கு நான் போவதற்கே பஸ்ஸில் இடம் கிடைப்பதில்லை. இன்றைக்கு ஏதோ உங்கள் அம்மன் கண் திறந்தாள்!"

அப்புறம் கேட்பானேன்? திண்டிவனத்தில் ஆரம்பித்த சம்பாஷணை, செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரிவதற்குள் குழந்தைகள், நாத்தனார், முழங்கால் வலி எல்லாவற்றையும் கடந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் டீச்சருடைய செல்போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"கெட்ட சேதி ஏதாவதா?" என்றாள் என் மனைவி.

"கெட்ட சேதி இல்லை. என் தம்பி. அமெரிக்காவில் இருபது வருஷமாக இருக்கிறான். இப்போதெல்லாம் அவன் அனுப்புவது ஒரே மாதிரியாக இருக்கிறது. 'இது கிறிஸ்தவ நாடு. கிறிஸ்தவர்கள்தான் ஆள வேண்டும். மற்றவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அடங்கி இருக்கட்டும்' என்று யாராவது பேசியதை அனுப்புகிறான். சந்தோஷமான சமாசாரம் என்று நினைத்துத்தான் அனுப்புகிறான். எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"ஸார், நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். சொல்லுங்கள். இங்கே யாராவது மேடையில் ஏறி, 'இந்த நாடு எங்கள் மதத்துக்காரர்களுக்குத்தான் சொந்தம்' என்று பேசினால் எனக்கு அன்றிரவு தூக்கம் வருவதில்லை. அதே பேச்சை என் தம்பி அங்கே பேசினால், அதை மட்டும் விசுவாசம் என்று நான் எடுத்துக்கொள்ள முடியுமா? அவனுக்கு என்ன பதில் எழுதுவது?"

நேயர்களே! பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் சொன்னவள் என் மனைவி.

"இது மாமியார் கதைதான், டீச்சர்" என்றாள் அவள். "மருமகளாக இருந்தபோது, 'இது எங்கள் வீடு, நீ வந்தவள்' என்று கேட்டுக் கேட்டு அழுதிருப்பாள். தனக்கு ஒரு மருமகள் வந்ததும் அதே வார்த்தையை இவள் சொல்லுவாள். இங்கே மருமகளாக இருந்தவர் உங்கள் தம்பி. அங்கே போய் மாமியாராகிவிட்டார்!"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகும் கேள்வி அடங்கவில்லை. ஊர் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். பஸ்ஸில் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லுகிறேன்.

*

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். தேசபக்தி வேறு, மத தேசியம் வேறு. 'என் நாட்டை நேசிக்கிறேன், அது நன்றாக இருக்க வேண்டும்' என்று ஒரு கிறிஸ்தவர் நினைத்தால் அதில் குற்றம் காண்பவர் யார்? தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவைவிடப் பெரிய தேசபக்தர் எத்தனை பேர் இருந்தார்கள்? காந்திஜியின் கிராமக் கைத்தொழில் வேலையைத் தலையில் தாங்கியவர் அவர். பல தடவை சிறை சென்றார். சிறையில் இருந்தபோது ஏசுவின் போதனைகளைப் பற்றியே புத்தகம் எழுதினார். அவரைச் சிறையில் வைத்த அரசாங்கம் எது? கிறிஸ்தவ மன்னரின் பெயரால் நடந்த அரசாங்கம்தான்! சிறைக்குள்ளே ஒரு கிறிஸ்தவர், சிறையைப் பூட்டியவர்களும் கிறிஸ்தவர்கள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே வேதத்தைத்தான் படித்திருப்பார்கள்.

மத தேசியம் என்பது நாட்டை நேசிப்பதோடு நிற்பதில்லை. நாட்டுக்கு ஒரு பட்டா எழுதி அதை ஒரு மதத்தின் பெயரில் பதிவு செய்துவிடுகிறது. மற்றவர்கள் எல்லாம் குடியிருப்போர். வாடகையும் கொடுக்க வேண்டும், வாயையும் திறக்கக் கூடாது.

இது கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் பொருந்துமா? அந்த மார்க்கத்தின் தலைவரையே கேட்போம். சுவிசேஷங்களில் ஏசுநாதருக்கு ராஜ்யாதிகாரம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. வனாந்தரத்தில் சாத்தான் உலகத்து ராஜ்யங்களை எல்லாம் காட்டி, 'என்னை வணங்கு, இவை உனக்கு' என்ற பொருளில் பேரம் பேசுகிறான். அவர் துரத்திவிடுகிறார். ஐயாயிரம் பேர் அப்பம் தின்று பசியாறிய பிறகு, ஜனங்கள் அவரைப் பலவந்தமாகப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறார்கள். அவர் தனியாக மலைமேல் ஏறிப் போய்விடுகிறார். கடைசியில் பிலாத்துவின் முன்னிலையில், தம்முடைய ராஜ்யம் இந்த உலகத்து ராஜ்யங்களைப் போன்றதல்ல என்றும், அப்படி இருந்திருந்தால் தம்முடைய ஆட்கள் சண்டை போட்டிருப்பார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். குருநாதர் வேண்டாம் என்று ஒதுக்கிய சிம்மாசனத்தைச் சிஷ்யர்கள் அவர் பெயரைச் சொல்லியே கேட்டால் என்ன சொல்வது?

என் மனைவி சொன்ன மாமியார் கதையும் அந்த வேதத்தில் இருக்கிறது! பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு ஒரு கட்டளை திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் நடுவில் இருக்கும் அந்நியனை ஒடுக்காதீர்கள். எகிப்தில் நீங்களும் அந்நியர்களாக இருந்தவர்கள்தானே, அந்த மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே என்பது அதன் கருத்து. மருமகளாய் இருந்ததை மறக்காதே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

*

"அதெல்லாம் சரி, கிறிஸ்தவர்கள் கையில் அரசாங்கம் இருந்தால் கிறிஸ்தவ மார்க்கத்துக்கு நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நம்முடைய தரங்கம்பாடியே பதில் சொல்லுகிறது.

1706-ம் வருஷம் ஜூலை மாதம் சீகன்பால்கு என்ற இளம் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஊர் டேனிஷ்காரர்களுடையது. கோட்டைக்குள்ளே அவருடைய லூத்தரன் மதமேதான். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் நடந்தது என்ன தெரியுமா? 1708-ல் அவரைப் பிடித்துச் சுமார் நான்கு மாதம் சிறையில் அடைத்தவர் அங்கே இருந்த டேனிஷ் கவர்னர்தான். வியாபாரத்துக்கும் அதிகாரத்துக்கும் பாதிரியார் இடைஞ்சலாக இருந்தார். அதிகாரத்துக்கு வேண்டியிருந்தது சிலுவையின் அலங்காரம். சிலுவையைச் சுமந்து வந்த ஆள் வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. மாஸசூஸெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் தங்கள் மதத்துக்கென்றே ஒரு நாட்டை அமைக்க முயன்றார்கள். அங்கே முதலில் வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ். அவரும் கிறிஸ்தவப் போதகர்! மனச்சாட்சியை சர்க்கார் ஆளக் கூடாது என்று சொன்னதுதான் அவர் செய்த பெரிய குற்றம். அவர் போய் 1636-ல் பிராவிடன்ஸ் என்ற ஊரை உண்டாக்கி, எந்த மதத்தாரும் அங்கே வந்து இருக்கலாம் என்றார். 'கிறிஸ்தவ நாடு' என்று சொன்னதும் அடுத்த கேள்வி, 'எந்தக் கிறிஸ்தவர்?' என்பதுதான். அந்தக் கேள்வி வந்தால் அண்ணன் தம்பியும் பிழைப்பதில்லை.

நம் நாட்டிலேயே ஒரு மூலையில் இதைப் பார்க்கலாம். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி நாகாலாந்தில் நூற்றுக்குச் சுமார் 88 பேர் கிறிஸ்தவர்கள். அங்கே 1980-ல் தோன்றிய என்.எஸ்.சி.என். என்ற ஆயுதம் தாங்கிய இயக்கம், 'நாகாலாந்து கிறிஸ்துவுக்கே' என்ற கோஷத்தை வைத்துக்கொண்டது. நாகர்களுக்கு நியாயமான மனக்குறைகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1988-ல் இயக்கம் பிளந்தது. பிறகு பல வருஷங்கள் நாகர்களை நாகர்களே சுட்டார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று சமாதானம் பேசியவர்களில் சபைப் பெரியவர்கள் இருந்தார்கள். கோஷத்திலும் கிறிஸ்து இருந்தார்; சமாதானத்திலும் கிறிஸ்து இருந்தார். எதில் அவர் சௌகரியமாக இருந்திருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

*

ஜெர்மனியில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம், சபையையும் தேசத்தையும் இனத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றது. யூதர் குலத்தில் பிறந்த ஏசுநாதரே வந்திருந்தால் அவருக்கும் பிரசங்க பீடம் கிடைத்திராது! மற்றச் சில போதகர்கள் 1934 மே மாதம் பார்மன் என்ற ஊரில் கூடி, சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, அரசியல் தலைவர் யாரும் அந்த இடத்தில் உட்கார முடியாது என்று பிரகடனம் செய்தார்கள். ஹிட்லரை எதிர்த்தவர்களில் ஒருவரான போன்ஹாஃபர் என்ற போதகரை 1945 ஏப்ரல் 9-ந் தேதி தூக்கில் போட்டார்கள். யுத்தம் முடிய ஒரு மாதமே இருந்தது.

இந்த இடத்தில் மறுபடியும் திண்டிவனத்துக்கு வாருங்கள். டச்சுக்காரர்களிடையே வளர்ந்த சீர்திருத்த சபை என்று ஒரு கிறிஸ்தவ சபை உண்டு. அதன் ஒரு கிளை தென்னாப்பிரிக்காவில் வேரூன்றி, வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்ற நிற ஒதுக்கலுக்கு வேதத்திலிருந்தே நியாயம் கற்பித்தது. இன்னொரு கிளை அமெரிக்கா வழியாக நம் வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கம் ஊழியத்துக்கு வந்தது. அந்த மிஷனைச் சேர்ந்தவர்கள்தான் ஸ்கடர் குடும்பத்தார்.

1890-களின் ஆரம்பத்தில் ஒரு நாள் இரவு. திண்டிவனத்தில் ஸ்கடர் டாக்டரின் வீட்டில் அவர் மகள் ஐடா உட்கார்ந்திருந்தாள். வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. டாக்டராகும் எண்ணமே அவளுக்கு இல்லை. சீக்கிரம் அமெரிக்கா போய்விட வேண்டும் என்றிருந்தாள். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிமார்களும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் ஹிந்து. "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றாள் ஐடா. ஆண் டாக்டர் கூடாது என்றார்கள் மூவரும். "எனக்கு வைத்தியம் தெரியாதே" என்றாள். திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த ஒரு ராத்திரி அவளை மாற்றியது. அமெரிக்கா போனாள், 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றாள், 1900-ல் வேலூருக்குத் திரும்பி ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தாள். 1902-ல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி வந்தது. இன்று அதுவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. உங்களில் எத்தனை பேருடைய வீட்டில் அந்த ஆஸ்பத்திரியின் சீட்டு ஒன்று பீரோவில் பத்திரமாக இருக்கிறதோ!

கதவைத் தட்டிய மூன்று பேரையும் பாருங்கள். ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. ஐடா அம்மையார் இந்த நாட்டைக் கிறிஸ்தவ நாடாக்கினால்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று கேட்டவனுக்கு நல்ல சமாரியன் கதையைச் சொன்னாரே ஏசுநாதர், அந்தப் பாடத்தைப் படித்தவர் அவர். ஒரே சபை வேரில் முளைத்த இரண்டு கிளைகளில் ஒன்று வேலி கட்டியது. ஒன்று ஆஸ்பத்திரி கட்டியது. கடைசியில் வேலி கட்டிய கிளைக்கும் கேள்வி வந்தது. 1982-ல் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, நிற ஒதுக்கலுக்கு வேத நியாயம் சொல்வது மார்க்கத்துக்கே விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. தென்னாப்பிரிக்காவில் கலப்பினத்தாருக்கென்று இருந்த சபையொன்று 1986-ல் 'பெல்ஹார்' என்ற விசுவாச அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பிரிந்து கிடப்பது அல்ல, ஒன்றுபடுவதே கிறிஸ்தவம் என்பது அதன் சாரம். திண்டிவனத்துக்கு ஆட்களை அனுப்பிய அமெரிக்கச் சபை 2010-ல் அதைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

*

இனி டீச்சருக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு கதை. அது நம் தமிழ்க் கிறிஸ்தவர்களின் சொந்தக் கதை.

1930-ல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் சார்பில் போன இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் சேலத்துக் கே. டி. பால். மற்றவர் தஞ்சை ஜில்லா ஏ. டி. பன்னீர்செல்வம். பன்னீர்செல்வம், சிறுபான்மையோருக்குத் தனித் தொகுதி இருந்தால்தான் அவர்கள் குரல் கேட்கும் என்றார். பால், நம்மை நாமே வேலி கட்டிப் பிரித்துக்கொள்ளக் கூடாது, பொதுத் தொகுதியே போதும் என்றார். இருவரும் நல்லவர்கள், இருவர் கவலையிலும் நியாயம் இருந்தது. சின்ன சமூகத்துக்குப் பயம் இருப்பது பாவமா? 1932-ல் வந்த வகுப்புத் தீர்ப்பு தனித் தொகுதியையே கொடுத்தது.

ஆனால் சுதந்திரம் வந்த பிறகு என்ன ஆயிற்று? அரசியல் நிர்ணய சபையின் உப தலைவராக இருந்த ஹெச். ஸி. முகர்ஜி வங்காளத்துக் கிறிஸ்தவர். சென்னையிலிருந்து சென்ற ஜெரோம் டிசூஸா கத்தோலிக்கப் பாதிரியார். மத அடிப்படையில் சட்டசபை இடங்களை ஒதுக்க வேண்டாம் என்ற முடிவு 1949-ல் வந்தபோது, அதை முன்னின்று ஆதரித்தவர்கள் இவர்கள். கிடைக்கக்கூடிய பங்கை வேண்டாம் என்று சொல்வது எளிதா? அண்டை அயலாரை நம்பி, சாவியை அவர்கள் கையில் கொடுத்த மாதிரி. அதே அரசியல் சட்டம் எல்லோருக்கும் தங்கள் மதத்தைக் கைக்கொள்ளவும், எடுத்துச் சொல்லவும் உரிமை கொடுத்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேராக இருக்கும் கிறிஸ்தவர்கள் நிமிர்ந்து நடப்பது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான்.

டீச்சரின் தம்பி இந்த வீட்டில் பிறந்த பிள்ளை. சிறுபான்மைக்கும் சம உரிமை என்ற நிழலில் படித்து, பட்டம் பெற்று, விமானம் ஏறியவர். போன இடத்தில் அந்த நிழலை வெட்டச் சொல்வது நன்றியாகுமா?

ஒரு ஆட்சேபணையை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. "அப்படியானால் மதத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் அரசியலுக்கு வர வேண்டுமா?" என்று தம்பி கேட்கலாம். வேண்டியதில்லை. மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர். பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி நேரே வீதிக்கு வந்தவர்தான். ஆனால் அவர் கேட்டது எல்லோருக்கும் நியாயம். தம் சபைக்குச் சிம்மாசனம் அல்ல. பக்தி ஒருவரை ஏழைக்காகவும் எளியவனுக்காகவும் பேச வைத்தால் அது நாட்டுக்கு உப்பு. 'நானே எஜமான்' என்று சொல்ல வைத்தால், அந்த உப்பு சாரமற்றுப் போய்விட்டது என்று அர்த்தம்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு குத்தல் இல்லாமலில்லை. டீச்சரின் தம்பியைத் திருத்த எனக்குச் சுலபமாக இருக்கிறது. அங்காளம்மனுக்கு எலுமிச்சம்பழம் சுமந்துகொண்டு போகும் நான், இந்த நாட்டில் மாமியார் ஸ்தானத்தில் இருக்கிறேன். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பார்கள். அமெரிக்காவில் உடைந்தது பொன்குடம் என்றால், இங்கே உடைவதும் பொன்குடம்தான்.

*

அன்று நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்த்தோம். அந்தக் கூட்டத்தையும், கற்பூர ஜோதியையும், "அங்காளம்மா!" என்று எழுந்த கோஷத்தையும் வர்ணிக்க இங்கே இடமில்லை. கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தபோது என் மனைவிக்குத் தலை சுற்றியது. டீச்சர் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து அவர் வீட்டைத் தேடிப் போனோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திண்ணையில் இரண்டு பெரிய பானைகள் நிறையத் தண்ணீர். யார் யாரோ வெளியூர்க்காரர்கள் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அவள் யாரென்றே தெரியாது.

"அமாவாசைதோறும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"என் மாமியார் காலத்திலிருந்து" என்றார். "இரவு நேரத்தில் வருகிறவர்கள், தண்ணீருக்கு எங்கே போவார்கள்?"

"தம்பிக்குப் பதில் எழுதினீர்களா?"

செல்போனை எடுத்துக் காட்டினார். பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை. திண்ணைப் பானையையும் அதைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரே ஒரு வரி:

"தம்பி, அங்கே உன் வீட்டு வாசலில் பானை இருக்கிறதா?"

பதில் இன்னும் வரவில்லை என்றார்.